தீயணைத்த கையும் நகராளும் கையும்

ஊருக்கு உழைத்தவரே ஊரை ஆளத் தக்கவர் என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். ஆசிரியர், மருத்துவர், வழக்குரைஞர், படைவீரர் எனப் பலரும் இவ்வெண்ணத்தின் வழியே மன்றங்களுக்குச் சென்றுள்ளனர். ஆயின், இந்த வரிசையில் தீயணைப்பு வீரர் ஒருவரை நாம் நினைத்துப் பார்ப்பது அரிது. தீப்பற்றும்போது அவரை அழைக்கிறோம்; தீ அணைந்ததும் மறந்துவிடுகிறோம். பிறர் வெளியே ஓடிவரும் வீட்டிற்குள் தாம் நுழையும் அந்த மனிதர், பணி ஓய்வு பெற்றபின் நம் தெருவில் நம்மோடுதான் வாழ்கிறார். அவர் ஒருநாள் மாநகராட்சித் தேர்தலில் வேட்பாளராக நம் வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? எதைக் கேட்க வேண்டும்? எதைக் கண்டு மயங்காதிருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகிறோம். முன்னாள் தீயணைப்பு வீரர் மாமன்றத்திற்குப் போட்டியிடுவது வரவேற்கத்தக்கது. ஆனால் அவர் வீரர் என்பதற்காக நாம் வாக்களிக்க வேண்டுவதில்லை. நிலையத்தில் பயின்ற ஒழுங்கை அவர் மாமன்றத்திற்கும் கொண்டுசெல்வாரா என்பதை ஆராய்ந்தே வாக்களித்தல் வேண்டும்.

தகுதி காணும் மரபு

ஊராட்சிக்கு வருவோரின் தகுதியை ஆராய்தல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று பகரும். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை வழியே வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். இன்ன வயதினர், இன்ன கல்வியுடையோர், இன்ன உடைமையுடையோர் என்னும் விதிகள் இருந்தன. அது பிரமதேய ஊர் ஒன்றின் சபை என்பதையும், எல்லாக் குடிமக்களுக்கும் அதில் இடம் இருந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அதில் ஒரு விதி இன்றும் ஒளி வீசுகிறது. முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது. அவருடைய உறவினரும் வரலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் வேட்பாளரின் புகழைவிட அவருடைய கணக்கையே பெரிதாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பெற்றது. 2011-இல் அதன் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; வார்டுகள் 200 ஆயின. 2016-இல் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமலேயே இந்நகரம் இயங்கியது. ஒருவழியாக 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலில் தமிழகம் முழுவதும் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் வாக்களித்தனர். சென்னையில் 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. கல்லூரிகளும் நூலகங்களும் நிறைந்த தலைநகரமே வாக்களிப்பதில் கடைசியில் நின்றது. இந்நிலையில், "எவர் நின்றால் நமக்கென்ன?" என்னும் சோர்வே நாம் முதலில் அணைக்க வேண்டிய தீ எனலாம்.

'முன்னாள்' என்னும் சொல்

தமிழ்நாட்டில் தீயணைப்பு வீரர் அரசு ஊழியர். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. பணியில் இருந்துகொண்டே அவர் அரசியலில் ஈடுபடவோ தேர்தலில் நிற்கவோ இயலாது. ஆகவே மாமன்றத்திற்கு வர விரும்புவோர் ஓய்வு பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல் பணியைத் துறத்தல் வேண்டும். இது சரியான ஏற்பாடே. சீருடை அணிந்தவர் எக்கட்சிக்கும் உரியவராகத் தோன்றலாகாது. தீப்பற்றிய வீட்டின் மேல் எக்கொடி பறக்கிறது என்று பார்த்து நீர் பாய்ச்சும் நிலை வந்துவிட்டால் ஊர் பிழைக்காது.

தமிழகத்தில் இத்துறையோடு தொடர்புடைய ஒருவர் தேர்தல் களம் கண்டதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, காவல்துறை உயர் அலுவலராயிருந்த திரு. ஆர். நட்ராஜ் அவர்கள். சென்னை மாநகரக் காவல் ஆணையராகப் பணியாற்றிய அவர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர். ஓய்வுக்குப்பின் 2016-இல் மயிலாப்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 2021 தேர்தலில் தோல்வியுற்றார். எனினும் அவர் இந்தியக் காவல் பணியிலிருந்து அத்துறைக்குத் தலைமையேற்றவர். நீர்க்குழாயைத் தோளில் சுமந்து, ஏணியேறி, புகைக்குள் புகுந்து பணிசெய்த அடிநிலை வீரர் மாமன்ற உறுப்பினராவது வேறு. அத்தகையோர் நம் நகர மன்றங்களில் பெயர் பெறும் அளவுக்கு வந்ததில்லை. ஆகவே தரமணியில் அத்தகைய ஒருவர் நிற்பதாகக் கொண்டே மேலே செல்வோம்.

தரமணி ஏன்?

தமிழ்த்துறையினராகிய நமக்குத் தரமணி அயலூரன்று. 1970-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அங்கேதான் உள்ளது. பழைய நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கேதான் உள்ளது. கணித அறிவியல் நிறுவனம், மையப் பல்தொழில்நுட்பக் கல்லூரி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், திரைப்படப் பயிற்சி நிறுவனம் என அறிவுக்கூடங்கள் அங்கே நிறைந்துள்ளன. 2000-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2007-இல் பறக்கும் இரயில் தரமணியைக் கடந்து வேளச்சேரி வரை வந்தது. கண்ணாடி மாளிகைகள் வானளாவ எழுந்தன.

அவற்றின் நிழலிலேயே மற்றொரு தரமணியும் வாழ்கிறது. குறுகிய தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கும் அறைகள், எரிவாயு உருளையை வாசலிலேயே வைத்துக்கொண்டு இயங்கும் சிற்றுண்டிக் கடைகள், தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள். கண்ணாடி மாளிகையில் தீ உணர்த்தும் கருவியும் தானே நீர் தெளிக்கும் அமைப்பும் உண்டு. சந்தில் வாழ்வோருக்கோ ஒரு வாளித் தண்ணீரும் அக்கம்பக்கத்தாரின் கூக்குரலுமே துணை. தீ இருவருக்கும் பொது. பாதுகாப்பு மட்டும் பொதுவாக இல்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதே வார்டு உறுப்பினரின் தலையாய கடமை என்று நாம் கருதுகிறோம்.

தீயோடு நீரும் சேர்ந்து இப்பகுதியை வருத்துகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள வேளச்சேரி மூழ்கியதை நாடறியும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையின்போது கிண்டி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடப் பணிக்காகத் தோண்டிய ஆழ்குழியின் கரை சரிந்தது. இருவர் குழிக்குள் சிக்கி உயிரிழந்தனர். அவர்தம் உடல்களை மீட்கவே நாட்கள் பல ஆயின. குழியில் இறங்கித் தேடும் பணி மீட்புப் படையினருடையது. ஆனால் அக்குழி அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு அருகில், மழைக்காலத்தில் திறந்து கிடந்ததே, அதைப் பற்றிக் கேட்கும் பணி யாருடையது? அது குடிமக்களுடையது, அவர்தம் குரலாக மன்றத்தில் அமர்ந்திருப்பவருடையது.

தீயும் நகராட்சியும்

"தீயணைப்பு மாநில அரசின் துறையாயிற்றே, மாமன்ற உறுப்பினருக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறைதான். மும்பையிலோ தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. 1993 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியுள்ளது. அவற்றுள் ஏழாவது, தீயணைப்புப் பணி. அரசியலமைப்பின் பார்வையில் தீ, நகர மன்றத்தின் கவலைகளுள் ஒன்று என்பது இதனால் தெளிவாம்.

சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையை நோக்குவோம். தீ தொடங்கும் கணத்திற்கும் நீர்வண்டி வந்துசேரும் கணத்திற்கும் இடையில் நிகழ்வன யாவும் நகராட்சியோடு தொடர்புடையன. தெரு அகலமாக உள்ளதா? ஆக்கிரமிப்பு உண்டா? பள்ளம் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறார்களா? தெருவிளக்கு எரிகிறதா? இரண்டு மாடிக்கு அனுமதி பெற்று நான்கு மாடி எழுப்பப்பட்டுள்ளதா? படிக்கட்டில் பொருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்களா? இவ்வினாக்களுக்கு ஆம், அன்று என்னும் விடைகளே உயிர் பிழைப்பதையும் போவதையும் முடிவு செய்கின்றன.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். சமையற்கூடத்தின் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. கூரையும், நெருக்கடியும், குறுகிய படியும் முன்னரே அங்கு இருந்தன; தீ ஒன்றுதான் புதிதாக வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த அவர்களால் ஓடவும் இயலவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். இம்மூன்றிலும் தீயணைப்பு வீரர்கள் வந்தனர், பாடுபட்டனர். ஆனால் அவர்கள் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே வந்து பார்த்திருக்க வேண்டிய பிறர் வரவில்லை. வந்திருந்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. திருவள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில், வருமுன் காவாதவன் வாழ்வுக்கு நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போரை உவமையாக்கியது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரு மனிதர், இரு வரலாறு

தீயணைப்பு வீரர் நகர மன்றத்திற்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க வரலாறு இரண்டு விடைகளைத் தருகிறது. ஒன்று நம்மை ஊக்குவிக்கும். மற்றொன்று நம்மை எச்சரிக்கும்.

முதலாமவர் பெஞ்சமின் பிராங்கிளின். அவரை அறிவியலறிஞராகவும் அரசியல் அறிஞராகவும் அறிவோம். அவர் தீயணைப்புத் தொண்டராகவும் விளங்கினார். 1736 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியா நகரில் நண்பர்களோடு கூடி யூனியன் தீயணைப்புக் குழுவை அமைத்தார். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட அக்குழுவின் ஒவ்வோர் உறுப்பினரும் தோல்வாளிகளையும், பொருள்களை அள்ளிச் செல்லப் பைகளையும் கூடைகளையும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். மாதந்தோறும் கூடித் தீ பற்றிய கருத்துகளைப் பரிமாறிக்கொள்ளல் வேண்டும். வராதவர் அபராதம் செலுத்த வேண்டும். அப்பணத்தில் நீரிறைக்கும் பொறியும் ஏணியும் கொக்கியும் வாங்கப்பட்டன. குழு அமைப்பதற்கு முன்னரே, எரியும் கரியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் திறந்தபடி எடுத்துச் செல்லாதீர்கள் என்பது போன்ற எச்சரிக்கைகளைத் தம் செய்தித்தாளில் அவர் வெளியிட்டார். இத்தகையவர் 1748-இல் பிலடெல்பியா நகர மன்றத்தின் உறுப்பினரானார். 1752-இல் தீக்காப்பீட்டுக் கழகம் ஒன்று அந்நகரில் தோன்றவும் துணைநின்றார். தீயணைப்பில் கற்ற வருமுன் காக்கும் அறிவு, நகரத்தின் அறிவாகவே விரிந்தது.

மற்றவர் வில்லியம் டுவீட். நியூயார்க் நகரின் அமெரிக்கஸ் தீயணைப்புக் குழுவின் தலைவராய் விளங்கினார். 'பெரிய ஆறு' என மக்கள் அழைத்த அக்குழுவின் வண்டியில் புலி ஒன்றின் உருவம் தீட்டப்பட்டிருந்தது. தீக்களத்தில் கிடைத்த புகழே அவரை 1851-இல் நகர மன்றத்திற்குக் கொண்டு சென்றது. அவர் அமர்ந்த மன்றத்திற்கு மக்கள் சூட்டிய பெயர் 'நாற்பது திருடர்கள்' என்பதாம். நாளடைவில் டம்மனி ஹால் என்னும் கட்சி அமைப்பின் தலைவராகி, நகரத்தின் கருவூலத்தையே அவரும் அவருடைய கூட்டாளிகளும் சூறையாடினர். நீதிமன்றக் கட்டடம் ஒன்றைக் கட்டுவதாகக் கூறி, பெருந்தொகைகளைப் பொய்க்கணக்கில் எழுதினர். 1871-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அக்கணக்குகளை வெளியிட்டது. தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் தம் கேலிச் சித்திரங்களால் அவரை மக்கள்முன் நிறுத்தினார். அன்று தீயணைப்பு வண்டியில் பெருமிதமாய் நின்ற புலி, ஓவியரின் கையில் நகரத்தைக் கிழித்துண்ணும் விலங்காயிற்று. டுவீட் 1878 ஏப்ரல் 12 அன்று சிறையிலேயே இறந்தார்.

இருவரும் தீயணைத்தவர்களே, இருவரும் நகர மன்ற உறுப்பினர்களே. ஒருவர் நிலையத்தின் ஒழுங்கை மன்றத்திற்குக் கொண்டு வந்தார்; மற்றவர் நிலையத்தின் புகழை மட்டும் கொண்டு வந்தார். புகழ் வாசல்வரை அழைத்து வரும். உள்ளே சென்றபின் ஒழுங்கே காக்கும். வேட்பாளரின் பழைய சீருடையை மட்டும் கண்டு மயங்குவோர் டுவீட்டுக்கு வாக்களித்த மக்களையும் நினைத்துக்கொள்ளல் நலம்.

இன்றும் இவ்வழி அடைபட்டுவிடவில்லை. 50 வார்டுகள் கொண்ட சிகாகோ நகர மன்றத்திற்கு 2011-இல் நிக்கோலஸ் ஸ்போசாட்டோ என்னும் தீயணைப்பு வீரர் 36-ஆவது வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். வார்டு எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபின் 2015-இல் 38-ஆவது வார்டிலிருந்து மீண்டும் வெற்றி பெற்றார். அதே 2015-இல் மற்றொரு தீயணைப்பு வீரரும் அம்மன்றத்தில் இடம்பெற்றார். நிலையத்திலிருந்து மன்றத்திற்குச் செல்லும் பாதை அங்கே பலரும் நடந்து பழகிய பாதை. நம்மிடத்தில்தான் அப்பாதை இன்னும் முள்மண்டிக் கிடக்கிறது.

நிலையம் கற்பிக்கும் மூன்று பாடங்கள்

தீயணைப்பு நிலையம் தரும் பயிற்சியில் நகராட்சிக்கு வேண்டியவை மூன்று என்று கருதுகிறோம்.

முதலாவது, தீயில்லாத நாளில் செய்யும் வேலை. நிலையத்தில் அழைப்பு மணி ஒலிக்காத நாளே மிகுதி. அந்நாளில் வீரர் உறங்குவதில்லை. வருகைப் பதிவு, உடற்பயிற்சி, நீர்வண்டியின் தொட்டி நிரம்பியுள்ளதா என்னும் சோதனை, குழாயில் ஓட்டை உண்டா என்னும் ஆய்வு, சுவாசக் கருவியில் காற்றின் அளவு, ஏணியின் உறுதி என ஒவ்வொன்றும் நாள்தோறும் பார்க்கப்படுதல் வேண்டும். மக்கள் காணாத இவ்வேலையே மக்கள் காணும் வீரத்தைத் தாங்கி நிற்கிறது. நம் மாமன்ற அரசியலில் இவ்வேலைக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. வெள்ளம் வந்தபின் இடுப்பளவு நீரில் நின்று உணவுப்பொட்டலம் வழங்குபவரின் படம் நாளிதழில் வரும். மழைக்கு முன்னே வடிகாலின் அடைப்பை நீக்கச் செய்தவரின் படம் எங்கும் வராது. படம் வராத வேலையைச் செய்து பழகியவரே நமக்கு வேண்டும்.

இரண்டாவது, வேறுபாடின்மை. 101 என்னும் எண்ணில் வரும் குரல் எச்சாதியினது, எம்மதத்தினது, எக்கட்சியினது என்று நிலையம் கேட்பதில்லை, 'எந்தத் தெரு?' என்றே கேட்கிறது. கிணற்றில் விழுந்த மாட்டுக்கும், வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கும்கூட அவர்கள் வருகிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் தீப்பற்றி வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் துறந்தனர். அந்நாளையே நாடு ஆண்டுதோறும் 'தீத்தொண்டு நாள்' எனப் போற்றுகிறது. தொண்டு என்னும் சொல்லை அத்துறைக்கு ஈந்த தமிழுள்ளம் போற்றத்தக்கது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலசமகாலில் தீப்பற்றியபோது அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராயிருந்த திருமதி பிரியா ரவிச்சந்திரன் கடுந்தீக்காயமுற்றார். ஆண், பெண் என்னும் வேறுபாட்டையும் தீ அறியாது, தொண்டும் அறியாது. வார்டு உறுப்பினரோ தமக்கு வாக்களித்த தெரு, அளிக்காத தெரு என்று பிரித்துப் பார்ப்பதாகப் புலம்பாத ஊர் இல்லை. 'எந்தத் தெரு?' என்பதைத் தண்டிப்பதற்கன்றி உதவுவதற்காகவே கேட்டுப் பழகியவர் மன்றத்திற்கு வருவாராயின் அது பெரும் பேறேயாகும்.

மூன்றாவது, கணக்கு. அழைப்பு எப்போது வந்தது, வண்டி எப்போது புறப்பட்டது, எப்போது அடைந்தது, தீக்குக் காரணம் யாது, இழப்பு எவ்வளவு என்பன எழுதி வைக்கப்படுகின்றன. வார்டு உறுப்பினரும் இவ்வாறே ஒரு பதிவேடு பேணுவாராயின் எத்துணை நன்று! இன்ன நாளில் இன்னார் குறை கூறினார். இன்ன நாளில் அலுவலரிடம் தெரிவித்தேன். இன்ன நாளில் சரியாயிற்று, அல்லது இன்ன காரணத்தால் சரியாகவில்லை என்று எழுதி மக்கள்முன் வைத்தல் ஒன்றும் அரிய செயலன்று. உத்திரமேரூர் கேட்டதும் இதுவே. நம் பெரியோர் 'அமானிதம்' என்று கூறுவதன் பொருளும் இதுவே. பதவி நமக்குரிய உடைமையன்று. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவர் கேட்கும்போது கணக்குக் காட்டுதல் கடன்.

தடைகளும் விடைகளும்

மறுப்புரைகளையும் நேர்மையோடு நோக்க வேண்டும். ஆணையிடுவதும் ஆணைக்குக் கீழ்ப்படிவதுமே சீருடைப் பணியின் இயல்பு. மன்றமோ பேசி, கேட்டு, இணங்கி முடிவெடுக்கும் இடம். ஆணையிட்டுப் பழகியவர் அங்கே பொருந்துவாரா என்பர் சிலர். இம்மறுப்பில் உண்மை உண்டு. தீக்களத்தில் விவாதத்திற்கு இடமில்லை; மாமன்றத்தில் விவாதமே வேலை. ஆகவே அவர் கேட்கக் கற்றவரா என்பதை நாம் பார்க்க வேண்டும். தேர்தலுக்கு முன்னர் அவர் தெருவுக்கு வந்து தம் வீரக்கதையை மட்டும் கூறிச் செல்கிறாரா, நம் குறையைக் கேட்டு எழுதிக்கொள்கிறாரா என்பதே இதற்கு எளிய சோதனை.

வேறொரு மறுப்பு இதனினும் கூரியது. பெரிய கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்புத் தடையின்மைச் சான்று வழங்கும் அதிகாரம் அத்துறைக்கு உண்டு. அத்துறையில் இருந்தவருக்குக் கட்டடம் கட்டுவோரோடு பழைய தொடர்பு இருத்தல் கூடும். அவர் மன்றத்திற்கு வந்தபின் அத்தொடர்பு ஊருக்குப் பயன்படுமா, அவருக்கே பயன்படுமா? 2017 மே 31 அன்று தியாகராயநகர் உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று பற்றியெரிந்தது. ஒரு நாளுக்கு மேலாகத் தீயோடு போராடியும் கட்டடம் நிற்கவில்லை. ஒரு பகுதி இடிந்து விழ, எஞ்சியதையும் இடிக்க நேர்ந்தது. நகரின் கட்டட விதிகள் ஏட்டிலும் கட்டடங்கள் வேறாகவும் இருப்பதை அன்று எல்லோரும் கண்டனர். விதியை நன்கறிந்தவரே விதியைக் காக்கவும் வல்லவர். விதியை வளைக்கவும் வல்லவர். ஆதலால் முன்னாள் வீரரிடமும் சொத்துக் கணக்கு, தொடர்புகள் ஆகியவற்றைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்பது அவருடைய தியாகத்தை இழிவுபடுத்துவதாகாது. நேர்மையாளர் அவ்வினாவை விரும்பியே ஏற்பார்.

இன்னொன்று பணம். வார்டுத் தேர்தல் என்பது இன்று எளியவர் எட்டும் உயரத்தில் இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் முன்னாள் வீரர் பதாகைக்கும் ஊர்வலத்திற்கும் எங்கே போவார்? ஒன்று அவர் கட்சியின் தயவை நாட வேண்டும். அன்றேல் வாக்காளர் தம் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னது அவர் கையில் இல்லை. பின்னது நம் கையில் உள்ளது. வாக்குக்கு விலை கேட்கும் ஊரில் விலைபோகாத வேட்பாளர் எப்படி வெல்வார்?

நாம் செய்யத்தக்கன

மாணவச் செல்வங்களே! 18 வயதில் வாக்குரிமை வந்துவிடுகிறது. 21 வயதில் மாமன்றத்திற்கு நிற்கும் உரிமையும் வந்துவிடுகிறது. உங்கள் வார்டின் எண் யாது, உறுப்பினர் யார் என்று இன்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவீர்கள்? 2022 நவம்பர் முதல் நாள் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பெற்றன. அக்கூட்டங்களில் சென்று அமருங்கள்; தெருவில் நீர்வண்டி திரும்ப இடமுண்டா என்று கேளுங்கள்; நீங்கள் தங்கும் விடுதிக்கு இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் குடிமையியலைவிட இவ்வினாக்கள் உயர்ந்த பாடமாகும்.

ஆசிரியப் பெருமக்களே! தீத்தொண்டு நாளில் ஓய்வுபெற்ற வீரர் ஒருவரை வகுப்பறைக்கு அழையுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல் அவரைப் பேச விடுங்கள். எத்தெருவில் வண்டி நுழைய முடியவில்லை, எக்கட்டடத்தில் படி பூட்டிக் கிடந்தது என்று அவர் கூறும் செய்திகள் எந்நூலிலும் இல்லாதவை. அவரை நகர மன்றத்திற்கு அனுப்புவதற்கு முன், அவர் அறிந்ததை நாம் அறிதல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! தேர்தல் வந்ததும் 'நம்மவர் யார்?' என்னும் வினாவே முதலில் எழுகிறது. அவ்வினாவைத் தவிர்க்கச் சொல்வது எளிது; பின்பற்றுவது அரிது என்பதை அறிவோம். எனினும் அவ்வினாவின் பொருளைச் சற்று விரிக்கலாமே! நள்ளிரவில் நம் வீட்டுக்குத் தீப்பற்றியபோது பெயர் கேளாமல் ஓடிவந்தவர் நம்மவர் அல்லரா? வெள்ளத்தில் நம் முதியோரைத் தோளில் சுமந்து படகில் ஏற்றியவர் நம்மவர் அல்லரா? அவரை நம்மவர் என்று ஏற்கும் நாளில் நம் தேர்தலின் பாதி நோய் தீர்ந்துவிடும்.

இறுதியாக, பணி ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் அறிவு நிலையத்தின் வாயிலோடு முடிந்துவிடலாகாது. இந்நகரின் சந்துகளையும் மாடிகளையும் கிணறுகளையும் உங்களைப்போல் அறிந்தவர் வேறு எவரும் இலர். மாமன்றத்திற்கு வாருங்கள், அல்லது வருவோரைக் கேள்வி கேட்க எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். வரும்போது பதக்கங்களோடு வருவதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் நாள்தோறும் எழுதிய அந்தப் பதிவேட்டையும் மறவாது கொண்டு வாருங்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் தரமணியிலும் பிற வார்டுகளிலும் நாம் கேட்கப் போவது அதைத்தான்.